டானிக்குக்குப் போன பெருமை

மலேசியாவில், சுங்கை சிப்புட் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடையில் வாரத்துக்கு மூன்று நாள் உட்காருகிறேன். அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் 31 வருடம் மாத்திரை எண்ணிக் கொடுத்த கை, வீட்டில் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பத்திரிகை ஆசிரியர் அனுப்பிய இந்த மாத வாசகர் கடிதக் கட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் முடிப் பிரச்சினை. ஒரு வாசகி உதிர்ந்த முடியையே பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பியிருக்கிறார். தங்கச்சி, அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது, கடிதம் போதும். சரி, இந்த மாதம் முழுக்கத் தலைதான்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 29. முதல் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. மூன்று வாரமாகத் தலைக்குக் குளித்தால் குளியலறைச் சல்லடை அடைத்துக்கொள்கிறது. முன்நெற்றி தெரிய ஆரம்பித்துவிட்டது. பத்தியக் காலத்தில் ஈரத் தலையோடு படுத்ததால்தான் என்று மாமியார் சொல்கிறார். தோழி சொல்லி 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் வாங்கினேன், ஒரு டப்பா 89 வெள்ளி (ரிங்கிட்). தாய்ப்பால் கொடுக்கிறேன். சாப்பிடலாமா? முழுக்கச் சொட்டையாகிவிடுவேனா?
- டி.கே., சுங்கை சிப்புட்

பதில்: ஆக மாட்டீர்கள் தங்கச்சி. இந்த ஒரு வரியை முதலில் படித்துக்கொள்ளுங்கள். மீதியைப் பிள்ளை தூங்கும்போது படிக்கலாம்.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. இரண்டு வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை வளரும், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும், பிறகு மூன்று மாதம் போலப் பிடி தளர்ந்து சும்மா உட்கார்ந்திருக்கும், அப்புறம் விழும். அதே குழியில் புதிதாக முளைக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் விழுவதால் ஒரு நாளைக்கு 50, 100 போவதை நாம் கவனிப்பதே இல்லை. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறி, முடியை விழவிடாமல் பிடித்து வைத்திருக்கும். ஏழாம் மாதத்தில் உங்கள் பின்னல் கனமாக இருந்திருக்குமே, நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிறந்ததும் அந்தப் பிடி விட்டுப்போகிறது. பிடித்து வைத்ததெல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஒன்றாகக் கொட்டுகிறது.

நான் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள். வருடத் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். அம்மா விடியற்காலையில் மரம் சீவப் போகும்போது காலடியில் சருகு நொறுங்குகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பால் குறையும், சம்பளம் குறையும், அதற்குக் கவலைப்படுவார்களே தவிர, மரம் பட்டுப்போச்சு என்று யாரும் அழுததில்லை. உங்கள் தலைக்கு இப்போது அந்த மாசம். பெரும்பாலான பெண்களுக்குப் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குள் பழையபடி ஆகிவிடும். நெற்றியோரம் குட்டை முடி குத்திட்டு நிற்க ஆரம்பித்தால் சந்தோஷப்படுங்கள்.

ஈரத் தலை மேல் பழி போட வேண்டாம். ஆனால் இதைக் காட்டி மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சாம்பிராணி போட்டுவிடுகிறேன் என்றால் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளையை மட்டும் அந்தப் புகைக்குத் தூரமாக வையுங்கள்.

கொத்துக் கொத்தாகக் கொட்டும் எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்று: காலண்டரில் மூன்று மாதம் பின்னால் போங்கள். கடைக்கு வருகிறவர்கள் போன வாரம் மாற்றிய ஷாம்பூவைத் திட்டுகிறார்கள். கேட்டுப் பார்த்தால் மூன்று மாதத்துக்கு முன்னால் டெங்கி வந்து வார்டில் கிடந்திருப்பார்கள், அல்லது வயிற்றில் ஆபரேஷன், அல்லது தீபாவளிச் சேலை கட்ட வேண்டும் என்று சோற்றை விட்டு ஒரே மாதத்தில் எட்டுக் கிலோ குறைத்திருப்பார்கள். வீட்டில் சாவு விழுந்ததும் சேர்த்திதான். உடம்பு அன்று பட்டதை முடி மூன்று மாதம் தாமதமாகச் சொல்கிறது.

எனக்கு இது நடந்தது 1991-இல், இரண்டாவது மகன் பிறந்தபோது. டவுனில் ஒரு கடையில் டானிக் விற்றார்கள், பாட்டில் 28 வெள்ளி. அன்றைக்கு என் சம்பளத்துக்கு அது பெரிய காசு. மூன்று பாட்டில் குடித்தேன். கொட்டுவது நின்றது, முடியும் திரும்ப வந்தது. அடுத்த பத்து வருடம் பிரசவமான பெண்கள் எல்லாரிடமும் அந்த டானிக்கின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மருந்தகத்தில் வேலை செய்கிறவள் சொன்னால் சும்மாவா? வாங்கினார்கள். டானிக் இல்லாமலும் அந்த முடி அதே நேரத்தில் வந்திருக்கும் என்பது எனக்கு உறைக்க அத்தனை வருடம் பிடித்தது. கொட்டுவது தானாக நிற்கிற மாதத்தில் கையில் எந்தப் பாட்டில் இருக்கிறதோ, பெருமை அதற்குப் போய்விடுகிறது. முடிச்சத்து மாத்திரை வியாபாரம் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

இப்போது உங்கள் 89 வெள்ளிக்கு வருகிறேன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பயோட்டின் 30 மைக்ரோகிராம், பால் கொடுப்பவர்களுக்கு 35. முட்டை, மீன், கடலை சாப்பிடுகிற வீட்டில் அதற்குக் குறைவு வருவது அபூர்வம். குறைவு இல்லாத உடம்பில் 10,000 போட்டால் முடி வளர்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. மிச்சம் சிறுநீரில் போகும். அதுமட்டும் என்றால் காசுதான் நஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளைக் குழப்புகிறது; தைராய்டு முடிவு தப்பாக வரும், மாரடைப்பா என்று பார்க்கிற டிரோபோனின் இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2017-இல் இதை எச்சரித்தது. உங்களுக்குத் தைராய்டு பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன், பிரசவத்துக்குப் பிறகு அது சிலருக்குத் தடுமாறும். அதனால் டப்பாவை மூடி வைத்துவிட்டு, அதைச் சாப்பிட்டதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பாருங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், முடிந்தால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், அப்புறம் தைராய்டு. இந்த மூன்றையும் கேளுங்கள். பத்தியம் என்று சிலர் கீரை, முட்டையைக்கூட நிறுத்திவிடுகிறார்கள். பிரசவத்தில் ரத்தம் போன உடம்புக்கு அது கொடுமை. முட்டை, நெத்திலி, பருப்பு, முருங்கைக்கீரை எல்லாம் தட்டில் வரட்டும். மினாக்ஸிடில் என்று தலையில் தடவும் முடி மருந்துப் பாட்டிலை யாராவது நீட்டினால் பால் கொடுக்கும்வரை வேண்டாம்.

கேள்வி: அக்கா, வயது 24. செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுகிறேன். காலையிலிருந்து மத்தியானம் வரை ஹெல்மெட் கழற்ற முடியாது. இரண்டு பக்கமும் நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. அப்பாவுக்கு 35 வயதிலேயே உச்சி காலி. ஈப்போவில் ஒரு முடிப் பராமரிப்பு நிலையத்தில் லேசர், ஸ்டீம், சத்து மாத்திரை எல்லாம் சேர்த்து 3,200 வெள்ளி பேக்கேஜ், முன்பணம் 500 என்றார்கள். கையெழுத்துப் போடட்டுமா?
- ஆர்., சுங்கை சிப்புட் தோட்டம் ஒன்றிலிருந்து

பதில்: பேனாவைக் கீழே வையுங்கள் தம்பி.

ஹெல்மெட் மேல் குற்றமில்லை. அதைக் கழற்றிவிட்டுக் குலைக்குக் கீழே நிற்காதீர்கள், முடி போனாலும் தலை வேண்டும். ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் உடம்புக்குள் டி.எச்.டி. என்ற இன்னொன்றாக மாறுகிறது. நெற்றியோரத்திலும் உச்சியிலும் உள்ள முடிக்குழிகள் சிலருக்குப் பரம்பரையாக அதைத் தாங்காது. ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனை முடியாகிறது. பின்னந்தலைக்கு அந்தத் தொந்தரவு இல்லை. வழுக்கைத் தாத்தாக்களுக்கும் பின்னால் ஒரு வரிசை நிற்பது அதனால்தான். அப்பாவை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், அம்மா வழியிலும் வரும்.

இதற்கு உண்மையாக வேலை செய்வதாக நிரூபிக்கப்பட்ட மருந்துகள் கொஞ்சம்தான். மினாக்ஸிடில் முதலில் ரத்தக் கொதிப்பு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைக்கவே, தலையில் தடவும் மருந்தாக்கினார்கள்; 1988-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆண்களுக்கு 5 சதவீதக் கரைசல், ஒரு மில்லி காலையில், ஒரு மில்லி இரவில், காய்ந்த தலைத்தோலில். முடிக்கு மேல் ஊற்றினால் முடிக்குத்தான் கிடைக்கும், தோலுக்குப் போகாது. முதல் சில வாரம் முன்பைவிட அதிகமாகக் கொட்டும். பழைய முடியைப் புது முடி தள்ளுகிறது. அங்கேதான் பாதிப் பேர் பயந்து விட்டுவிடுகிறார்கள். நான்கிலிருந்து ஆறு மாதம் போனால்தான் பலன் உண்டா என்று சொல்ல முடியும். நிறுத்தினால் சில மாதத்தில் கிடைத்ததும் போய்விடும். ஆக, கோயில் சந்தா மாதிரி மாதாமாதம் கட்டுகிற செலவு. வருடக் கணக்கில் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இருதயக் கோளாறு, ரத்த அழுத்த மருந்து ஏதாவது உண்டென்றால் ஃபார்மசிஸ்டிடம் முதலில் சொல்லுங்கள். வீட்டில் பூனை இருக்கிறதா? மினாக்ஸிடில் பூனைக்கு விஷம். தடவிய தலையை நக்கவோ, தலையணையில் படுக்கவோ விடாதீர்கள்.

இன்னொன்று ஃபினாஸ்டரைடு, தினம் 1 மில்லிகிராம். டி.எச்.டி.யைக் குறைக்கும். இது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. தாம்பத்திய ஆசை குறைவது, மனசு சோர்ந்துபோவது போன்ற பக்கவிளைவுகள் சிலருக்கு வரும், அதை டாக்டரிடம் கூச்சமில்லாமல் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது. நண்பனிடம் இரண்டு அட்டை வாங்குகிற வேலை வேண்டாம்.

ஸ்டீம் பிடித்தால் தலை சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். வேலை முடிந்து தினமும் தலையைக் கழுவலாம், அதனால் முடி கொட்டாது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் துணிப் பட்டையையும் துவையுங்கள். நான் பார்த்த சிலவற்றைக் கையால் தொடவே மனசு வரவில்லை.

கேள்வி: என் மகள் நான்காம் ஆண்டு தமிழ்ப்பள்ளி மாணவி. தினமும் நன்றாக எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு அனுப்புகிறேன். ஆனாலும் பொடுகு, அரிப்பு. காதுக்கு மேலே முடி குறைந்துபோய்த் தெரிகிறது. எண்ணெய் போதவில்லையா?
- ஓர் அம்மா, பீடோர்

பதில்: எண்ணெய் அதிகமாகிவிட்டது அம்மா.

பொடுகை வறட்சி என்று நினைத்து எண்ணெயை ஊற்றுகிறோம். தலைத்தோலில் எல்லாருக்குமே மலசீசியா என்ற பூஞ்சை இருக்கிறது. அதற்குச் சாப்பாடே கொழுப்புதான். நீங்கள் காலையில் ஊற்றுவது அதற்குப் பசியாறல். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூ வாங்கி, வாரம் இரண்டு முறை தலைத்தோலில் தேய்த்து, மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அலசுங்கள். உடனே அலசினால் மருந்து வேலை செய்ய நேரமில்லை. இரண்டு நான்கு வாரத்தில் அடங்கும். சின்னப் பிள்ளை என்பதால் வாங்கும்போது வயதைச் சொல்லி ஃபார்மசிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தலையில் வட்டமாகச் செதில் படிந்து, முடி வேருக்குப் பக்கத்தில் முறிந்திருந்தால் அது படையாக இருக்கலாம். அதற்கு ஷாம்பூ போதாது, வாய்வழி மருந்து வேண்டும், டாக்டரிடம் காட்டுங்கள். பேன் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், அரிப்புக்குப் பாதி நேரம் அதுதான் காரணம்.

தேங்காய் எண்ணெயை நான் குறை சொல்லவில்லை. என் அம்மா பால் டின்னில் கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சுகிற எண்ணெய் வாசம் லயம் முழுக்க அடிக்கும். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கி, குளிக்கும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது; முடி முறியாது. புதிதாக முளைக்க வைக்காது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் முடியின் நீளத்துக்குத் தடவி, பிறகு அலசிவிடுங்கள்.

காதுக்கு மேலே குறைவது, நீங்கள் இழுத்துக் கட்டுகிற பின்னலால் என்றே தோன்றுகிறது. பின்னல் போட்டதும் பிள்ளையின் புருவம் மேலே ஏறுகிறதா? அப்படியானால் இறுக்கம். தளர்த்திப் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். சின்ன வயதில் சரி செய்தால் திரும்ப வரும், பல வருடம் இழுத்த இடத்தில் குழியே அடைந்துபோகும்.

கேள்வி: தாடியிலும் பின்னந்தலையிலும் ஐம்பது காசு அளவில் வழுவழுவென்று முடி போய்விட்டது. புழுவெட்டு என்கிறார்கள். ஆற்றுத்தும்மட்டிக் காயைத் தேய்க்கச் சொல்கிறார் ஒரு பெரியவர். புழு எங்கிருந்து வந்தது?
- எஸ்., கூலிம்

பதில்: புழுவே கிடையாது ஐயா. பெயர்தான் அப்படி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிக்குழியைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகிறது. குழி சாவதில்லை, அதனால் திரும்ப முளைக்க வழி உண்டு. ஒன்றிரண்டு இடம் என்றால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே வந்துவிடும், முதலில் வெள்ளையாகக்கூட வரும். தும்மட்டி தேய்த்து வந்தது என்று சொல்கிறவர்களிடம் என் டானிக் கதையைச் சொல்லுங்கள். அந்தக் காய்ச் சாறு தோலைப் புண்ணாக்கிக் கடைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பரவினால் காத்திருக்காமல் தோல் நிபுணரிடம் போங்கள். அந்த இடத்திலேயே ஸ்டெராய்டு ஊசி போடுவார்கள்.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) முடி வளரும் மூலிகை கேப்ஸ்யூல் 60 வெள்ளிக்கு மூன்று பாட்டில். நம்பலாமா?
- வாசகர், பாகான் செராய்

பதில்: பாட்டிலில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கிறதா, கூடவே ஹோலோகிராம் ஒட்டு இருக்கிறதா பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் டி (T) எழுத்து இருந்தால் பாரம்பரிய மருந்து, என் (N) எழுத்து இருந்தால் சத்து மாத்திரை. அந்த எண் இருப்பதால் முடி வளரும் என்று அர்த்தமில்லை. நாட்டில் பதிவான சரக்கு என்று மட்டும் தெரியும். எண் இல்லாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்கிறவருக்கே தெரியாது. ஸ்டெராய்டு கலந்த மூலிகைச் சரக்குகள் நம் நாட்டில் பிடிபட்டிருக்கின்றன. இன்னொரு விஷயம், ஏற்கெனவே ஒரு சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இதையும் சேர்க்காதீர்கள். வைட்டமின் ஏ-யும் செலினியமும் அளவுக்கு மீறினால் அதுவே முடியைக் கொட்ட வைக்கும்.

கேள்வி: தைப்பூசத்துக்கு மொட்டை போட்டால் அடர்த்தியாக வளருமா?
- பி.வி., சித்தியவான்

பதில்: வளராது. நுனி மெலிந்த முடி போய், நடுவில் வெட்டிய முடி வருவதால் தடவிப் பார்த்தால் தடிப்பாகத் தெரியும். வேண்டுதல் இருந்தால் போடுங்கள், அது முருகனுக்கும் உங்களுக்கும் நடுவில்.

கேள்வி: அக்கா, முன்பு நீங்கள் சொன்னபடி ரத்தம் பார்த்தேன். ஃபெரிட்டின் 9 என்று வந்தது. டாக்டர் இரும்பு மாத்திரை தந்தார். ஐந்து வாரமாகிறது, வயிறு கல்லாகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, முடியோ கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. விட்டுவிடலாமா?
- எம்.எஸ்., தஞ்சோங் மாலிம்

பதில்: விடாதீர்கள். 9 என்பது அடிப்பானையில் ஒட்டியிருக்கிற அரிசி. முதலில் உடம்பு தன் தேவைக்கு எடுத்துக்கொள்ளும், முடிக்குக் கடைசியில்தான் அளக்கும். ஐந்து வாரத்தில் எதிர்பார்க்க முடியாது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிற பொருள் அது. கறுப்பு நிறம் இரும்பால்தான். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு நாற்றமடித்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

வயிறு படுத்துகிறது என்றால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். சிலருக்கு அப்படிக் கொடுத்தால் வயிறும் தாங்கும், இரும்பும் நன்றாக ஏறும். கொய்யா அல்லது ஆரஞ்சோடு போடுங்கள். தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். காலையில் ரொட்டி சானாய், தே தாரிக், கூடவே மாத்திரை என்று ஒரே வாயில் போட்டால் மாத்திரை பாதி வீண். மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்பதையும் சொல்லிவிடுங்கள், ஓட்டையை அடைக்காமல் குடத்தை நிரப்பிக்கொண்டிருக்க முடியாது. ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சேமிப்புக்காக இன்னும் மூன்று மாதம் தொடரச் சொல்வார், சொன்னால் தொடருங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் மூன்று வயதுப் பையன் கிறுக்கியிருப்பது தெரிகிறது. அந்த மாத்திரை சிவப்பாக மிட்டாய் மாதிரி இருக்கும், குழந்தைகள் நாலைந்து விழுங்கினாலே ஆபத்து. அலமாரியின் மேல்தட்டுக்கு இன்றைக்கே ஏற்றிவிடுங்கள்.